பிரியும் செல்லில் ஒளிரும் புள்ளி எதனுடையது? – ஆய்வகக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் கேரள எல்லையிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் வந்தவை. எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, பிரியும் செல்லில் அழகாக ஏதோ ஒன்று ஒளிர்கிறது. அது தேடிய புரதம்தானா, வேறொன்றா?

நான் ஆய்வு செய்யும் நொதி சைட்டோபிளாசத்தில் இருப்பது. முயலில் எடுத்த பாலிகுளோனல் ஆன்டிபாடி (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) போட்டால் ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் வகை) அப்படியேதான் தெரிகிறது. ஆனால் மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டம்) செல்களில் மட்டும் ஸ்பிண்டிலின் (குரோமோசோம்களைப் பிரிக்கும் நுண்குழல் கட்டமைப்பு) இரு முனையிலும் பளிச்சென்று இரண்டு புள்ளிகள். என் நொதிக்குச் செல் பிரிதலில் வேலை இருக்கிறது என்று எழுதலாமா?
– ஆராய்ச்சி மாணவி, சித்தூர் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் மாவட்டத்துக்காரர் அடுத்து வருகிறார்)

இப்போதைக்கு வேண்டாம். முயல் சீரத்துக்கும் (ரத்தத்தின் தெளிநீர்) சென்ட்ரோசோமுக்கும் (ஸ்பிண்டிலின் முனையில் நிற்கும் உறுப்பு) உள்ள உறவு மிகப் பழையது. எந்த ஆன்டிஜெனும் ஊசி போடாத முயலின் சீரமே சென்ட்ரோசோமுக்குள் இருக்கும் சென்ட்ரியோலையும், செல்லின் மயிரிழை போன்ற சிலியாவின் அடியில் உள்ள பேசல் பாடியையும் ஒளிரவைக்கும் என்று கானலியும் கால்னின்ஸும் 1978-இலேயே காட்டிவிட்டார்கள். அதாவது உங்கள் நொதியை ஊசி போடும் முன்பே அந்த முயலின் ரத்தத்தில் சென்ட்ரோசோமைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருந்திருக்கலாம். எல்லா முயலிலும் இருக்காது. உங்கள் முயலில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தப் புள்ளி சென்ட்ரோசோம்தானா என்று, சென்ட்ரோசோமில் இருக்கும் புரதமான காமா டியூபுலினோடு சேர்த்துப் பாருங்கள். ஆமாம் என்றால் அடுத்த வேலை அதே முயலின் ஊசிக்கு முந்தைய சீரம். உங்கள் ஆன்டிபாடியை எவ்வளவு நீர்த்துப் போட்டீர்களோ அதே அளவில், அதே எக்ஸ்போஷரில். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: கட்டுப்பாட்டுப் படத்தில் கேமரா தானாக எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும், அல்லது படத்தைப் பிறகு தனியாக வெளிச்சப்படுத்துவார்கள். இரண்டில் எது நடந்தாலும் அந்தப் படத்தை ஒப்பிட முடியாது.

கடையில் வாங்கிய ஆன்டிபாடி என்றால் ஊசிக்கு முந்தைய சீரம் அநேகமாகக் கிடைக்காது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அதற்குப் பதில் ஏதோ ஒரு முயலின் சாதா ஐஜிஜி (ரத்தத்தில் அதிகம் உள்ள ஆன்டிபாடி வகை) போட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று காட்டுவதை நாங்கள் பெரிதாக மதிப்பதில்லை. அது வேறு முயல்.

இன்னொரு வழி, ஆன்டிஜெனாலேயே ஆன்டிபாடியை நிரப்பிவிடுவது. 1 மைக்ரோகிராம் ஆன்டிபாடிக்கு 10 மைக்ரோகிராம் தூய நொதி, மொத்தம் 100 மைக்ரோலிட்டரில், இரவு முழுதும் 4 டிகிரியில் மெதுவாகச் சுழலட்டும். பக்கத்தில் இன்னொரு குழாயில் நொதிக்குப் பதில் அதே எடை பிஎஸ்ஏ (மாட்டு சீரத்தின் அல்புமின் புரதம்). மறுநாள் இரண்டையும் 14,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, மேல் நீரை மட்டும் எடுத்துச் செல்லில் போடுங்கள். நொதி கலந்த குழாயில் சைட்டோபிளாச ஒளி போய், முனைப் புள்ளிகள் மட்டும் அப்படியே நின்றால் முடிந்தது: அந்தப் புள்ளிகள் உங்கள் நொதி அல்ல. இரண்டும் போய்விட்டால் மகிழ்ச்சியை ஒரு வாரம் ஒத்திப்போடுங்கள். உங்கள் நொதியின் ஒரு துண்டு போலவே தோற்றமுள்ள வேறொரு சென்ட்ரோசோம் புரதத்தை அதே ஆன்டிபாடி பிடித்திருந்தாலும் இரண்டும் சேர்ந்துதான் போகும். ஆன்டிபாடி எந்த இடத்தால் பிடிக்கிறது என்பதை இச்சோதனை சொல்லும். எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பதைச் சொல்லாது.

செல்லை நிலைநிறுத்தும் முறையையும் மாற்றிப் பாருங்கள். மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் 5 முதல் 10 நிமிடம் வைத்தது ஒன்று. 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், பிறகு 0.2 சதவீத ட்ரைட்டனில் (செல் சவ்வில் துளையிடும் சோப்பு போன்றது) 10 நிமிடம் வைத்தது மற்றொன்று. மெத்தனால் கரையும் புரதங்களில் ஒரு பங்கை வெளியேற்றிவிடும். கரையாத கட்டமைப்பான சென்ட்ரோசோம் தங்கிவிடும். அதனால் உண்மையான ஒளி மங்கி, பொய் ஒளி எடுப்பாகத் தெரியும் நிலை வரலாம். ஒரு முறையில் மட்டும் புள்ளி தெரிந்தால் அதுவே பொய் என்று ஆகாது. ஆனால் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய கடன் கூடுகிறது.

பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அந்த மரபணுவை நீக்கிய செல்லைத் தேடுங்கள். சாதா செல்லையும் நீக்கிய செல்லையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரே கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் தகடு) வளர்த்துவிடலாம்; எது எது என்று அடையாளம் தெரிய ஒன்றில் மட்டும் எச்2பி-எம்செர்ரி போன்ற ஒளிரும் ஹிஸ்டோன் (குரோமோசோமில் உள்ள புரதம்) இருக்கட்டும். ஒரே சொட்டு ஆன்டிபாடி, ஒரே கழுவல், ஒரே படம். அருகருகே இரண்டு மெட்டாஃபேஸ், இரண்டிலும் புள்ளி சமமாக ஒளிர்ந்தால் வாதாட ஒன்றுமில்லை.

எம்எஸ்சி மாணவர்களுக்கு ஸ்பிண்டில் காட்ட, எலியில் எடுத்த காமா டியூபுலின் ஆன்டிபாடி (ஜிடியு-88), பெரிய எலியில் எடுத்த, நுண்குழல்களின் புரதமான டியூபுலினுக்குரிய ஆன்டிபாடி (ஒய்எல் 1/2) இரண்டையும் ஒன்றாகப் போட்டோம். காமா டியூபுலின் சிவப்பு, டியூபுலின் பச்சை. சிவப்பு முனைகளில் மட்டும் வர வேண்டும். ஸ்பிண்டில் முழுக்கச் சிவப்பாக வருகிறது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா? பிளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் முன்கூட்டித் தடுப்பது) எந்த சீரத்தால் செய்வது?
– கல்லூரி ஆசிரியர், குப்பம், சித்தூர் மாவட்டம்

ஆன்டிபாடி மேல் பழி வேண்டாம். மௌஸும் (எலி) ராட்டும் (பெரிய எலி) நெருங்கிய சொந்தம். இரண்டின் ஐஜிஜியும் மிகவும் ஒத்திருக்கும். மௌஸுக்கு என்று விற்கும் செகண்டரி (முதலில் போடும் ஆன்டிபாடியான பிரைமரியைப் பிடிக்கும், நிறம் ஒட்டிய ஆன்டிபாடி), ராட் ஆன்டிபாடி மேலும் போய் உட்காரும். உங்கள் ராட் ஆன்டிபாடி ஸ்பிண்டில் முழுக்க இருக்கிறது, அதனால் சிவப்பும் ஸ்பிண்டில் முழுக்க.

செகண்டரி குப்பியின் லேபிளைப் பாருங்கள். "ராட் சீரப் புரதங்களுக்கு எதிராக வடிகட்டியது" என்ற பொருளில் எழுதியிருக்க வேண்டும்; அதுபோல ராட்டுக்கான செகண்டரி மௌஸுக்கு எதிராக வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் வடிகட்டியிருந்தால் போதாது. சாதாரணமானதை வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம், ஒற்றை நிறச் சோதனைக்கு உதவும்.

இதை உறுதி செய்ய மூன்று கவர்ஸ்லிப் போதும். ஒன்றில் ராட் பிரைமரி, மேலே மௌஸ் செகண்டரி மட்டும். இரண்டாவதில் மௌஸ் பிரைமரி, மேலே ராட் செகண்டரி மட்டும். இவை இரண்டும் இருட்டாக இருக்க வேண்டும். மூன்றாவதில் ராட் பிரைமரியும் ராட் செகண்டரியும் போட்டு, சிவப்பு வடிகட்டியில் பாருங்கள். அங்கே ஸ்பிண்டில் தெரிந்தால் ஆன்டிபாடிக்குச் சம்பந்தமே இல்லை, பச்சை நிற ஒளி சிவப்பு வடிகட்டிக்குள் கசிகிறது. மாணவர்களுக்கு ஸ்பிண்டிலைவிட இந்த மூன்று கவர்ஸ்லிப்பே நல்ல பாடம் என்பது எங்கள் எண்ணம்.

ஒய்எல் 1/2-ஐ விட்டு மௌஸின் டிஎம்1ஏ-க்கு மாறலாமே என்று நினைப்பீர்கள். அதுவும் ஜிடியு-88-உம் இரண்டுமே மௌஸ் ஐஜிஜி1. துணை வகை பார்த்துப் பிரிக்கும் செகண்டரியும் கைகொடுக்காது. நிறம் நேரடியாக ஒட்டிய டிஎம்1ஏ வாங்கலாம், கடைசியில் தனியாகப் போடலாம். அல்லது காமா டியூபுலினுக்கு முயல் ஆன்டிபாடி. முதல் கேள்விக்குச் சொன்ன எச்சரிக்கை அங்கே பொருந்தாது, எப்படியும் சென்ட்ரோசோமைத்தானே தேடுகிறீர்கள்!

ஒய்எல் 1/2 பற்றி இன்னொன்று. அது பிடிப்பது ஆல்ஃபா டியூபுலினின் வால் நுனியில் உள்ள சிறு அமினோ அமில வரிசை, டைரோசினில் முடிவது. அதைப் போன்ற வால் உள்ள வேறு புரதத்தையும் பிடிக்கும். டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணியில் அது பேசல் பாடியை ஒளிரவைப்பதற்குக் காரணம் டியூபுலின் மட்டுமல்ல, ஆர்பி2 என்ற புரதம் என்று பிறகு தெரியவந்தது. மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் உள்ளது) என்றால் ஒரே புரதம் என்று மாணவர்கள் எழுதினால் மதிப்பெண் குறைத்துவிடுங்கள்.

பிளாக்கிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். செகண்டரி எந்த விலங்கில் எடுத்ததோ அந்த விலங்கின் சீரம் 5 சதவீதம். ஆட்டுக்கு எதிரான செகண்டரி வைத்துக்கொண்டு ஆட்டு சீரத்தால் பிளாக் செய்தால் கவர்ஸ்லிப் முழுக்கத் தீபாவளிதான்.

பாஸ்போ ஆன்டிபாடி (புரதத்தில் பாஸ்பேட் ஏறிய இடத்தைப் பிடிப்பது) ஒன்று வாங்கினோம். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஒரே ஒரு பட்டை, சரியான எடையில். செல்லில் போட்டால் இன்டர்ஃபேஸில் (பிரியாத கட்டம்) மங்கல், மைட்டோசிஸில் (பிரியும் கட்டம்) சென்ட்ரோசோம், கைனட்டோகோர் (குரோமோசோமில் நுண்குழல் பிடிக்கும் இடம்), மிட்பாடி (பிரியும் இரு செல்லுக்கு நடுப்பாலம்) எல்லாம் ஒளிர்கிறது. பிளாட் பொய் சொல்லுமா?
– ஆய்வு உதவியாளர், நகரி

பிளாட் பொய் சொல்லவில்லை, நீங்கள் அதனிடம் மைட்டோசிஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. சாதாரணமாக வளரும் ஹீலாவில் நூற்றுக்கு 2 முதல் 5 செல்தான் மைட்டோசிஸில் இருக்கும். மைட்டோசிஸில் மட்டும் பாஸ்பேட் ஏறும் வேறு புரதங்களின் பட்டை அந்தக் கலவையில் அமுங்கிப்போகும். செல்லை மைட்டோசிஸில் நிறுத்தும் நோகோடசோல் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், 16 மணி நேரம். பிறகு குடுவையைத் தட்டினால் உருண்ட செல்கள் மட்டும் உதிரும். அவற்றின் லைசேட்டையும் (செல்லைச் சிதைத்து எடுத்த சாறு) சாதா லைசேட்டையும் சம அளவு புரதமாக அருகருகே ஓட்டுங்கள். ஒரு பட்டை ஏணியாகிவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

காரணம் இதுதான். மைட்டோசிஸ் தொடங்கியதும் சிடிகே1 என்ற நொதி நூற்றுக்கணக்கான புரதங்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது. பெரும்பாலும் புரோலினுக்கு முன்னால் உள்ள செரின் அல்லது த்ரியோனினில். 1983-இல் வந்த எம்பிஎம்-2 என்ற மோனோகுளோனலை நினைத்துக்கொள்ளுங்கள். மைட்டோசிஸ் ஹீலா செல்லின் சாற்றை எலிக்கு ஊசி போட்டு எடுத்தது. ஒரு புரதத்தை அல்ல, அந்தப் பாஸ்பேட்-புரோலின் அடையாளம் உள்ள பல புரதங்களைப் பிடிக்கும். சென்ட்ரோசோம், கைனட்டோகோர், மிட்பாடி என்று நீங்கள் எழுதிய பட்டியல் அப்படியே எம்பிஎம்-2-இன் படம். உங்கள் தளத்துக்கு அடுத்து புரோலின் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் பாலிகுளோனலில் ஒரு பங்கு, பாஸ்போசெரின்-புரோலின் என்பதை மட்டும் பார்த்துப் பிடிக்கும் கூட்டமாக இருக்கலாம். பாஸ்பேட் இல்லாத பெப்டைட் (சிறு புரதத் துண்டு) ஒட்டிய வடிகுழாய் வழியாக விட்டால் இந்தக் கூட்டம் போகாது; அதே இரண்டு அமினோ அமிலமும் பாஸ்பேட்டும் உள்ள, மற்றபடி சம்பந்தமில்லாத பாஸ்போபெப்டைட் ஒட்டிய வடிகுழாய் வழியாக விட வேண்டும்.

வரிசை ஒற்றுமையால் வரும் குழப்பமும் உண்டு. ஹிஸ்டோன் எச்3-இல் 10-ஆம் செரினைச் சுற்றியும் 28-ஆம் செரினைச் சுற்றியும் அலனின், ஆர்ஜினின், லைசின், செரின் என்ற அதே நான்கு அமினோ அமிலம். இரண்டிலும் மைட்டோசிஸில் பாஸ்பேட் ஏறும். ஒன்றுக்கு எடுத்த ஆன்டிபாடி மற்றதைத் தொடாது என்று நம்பிவிடக் கூடாது. இதே இடத்தில் எதிர்மாறான தொல்லையும் வரும்: பக்கத்து 9-ஆம் லைசினின் மெத்தில் அடையாளத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, 10-இல் பாஸ்பேட் ஏறியதும் பிடி விட்டுப்போகலாம், மெத்தில் குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். அரோரா கைனேஸ்களில் (பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) ஏ-யின் 288, பி-யின் 232, சி-யின் 198 ஆகிய த்ரியோனின்களைச் சுற்றி ஏறத்தாழ ஒரே வரிசை. அதனால் மூன்றையும் பிடிக்கும் ஆன்டிபாடி முனையிலும் சென்ட்ரோமியரிலும் (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) சேர்ந்து ஒளிர்வது இயல்பு. முனை ஏ, நடு பி.

பாஸ்பேட்டேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) சோதனை கட்டாயம் செய்யுங்கள். மெத்தனாலில் நிலைநிறுத்திய கவர்ஸ்லிப்பை பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கரைசல்) அல்ல, டிபிஎஸ்ஸில் (ட்ரிஸ் கரைசல்) மூன்று முறை கழுவுங்கள். பாஸ்பேட் கரைசல் நொதியின் கையைக் கட்டிவிடும். நொதியோடு வரும் கரைசலில் மாங்கனீஸ் குளோரைடு 1 மில்லிமோலார், லாம்டா பாஸ்பேட்டேஸ் 100 மைக்ரோலிட்டருக்கு 1,000 யூனிட், 30 டிகிரியில் ஒரு மணி நேரம். பக்கத்து கவர்ஸ்லிப்பில் எல்லாம் அதே, கூடவே மாங்கனீஸைப் பிடித்துவைக்கும் இடிடிஏ 50 மில்லிமோலார். மாங்கனீஸ் இல்லாமல் நொதி வேலை செய்யாது. எச்3 செரின் 10 ஒளி அணைகிறதா என்று மூன்றாவது கவர்ஸ்லிப்பில் பார்த்தால்தான் நொதி உண்மையில் வேலை செய்தது என்று தெரியும். பிளாக்கிங்குக்குப் பால் பொடி வேண்டாம், கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம்; 3 சதவீத பிஎஸ்ஏ போதும்.

ஒளி அணைந்தால் ஆன்டிபாடி பார்ப்பது பாஸ்பேட்டை என்று தெரியும். யாருடைய பாஸ்பேட் என்பதற்கு அந்தச் செரினை அலனினாக மாற்றிய புரதம் மட்டுமே உள்ள செல்தான் பதில் சொல்லும்.

எஸ்ஐஆர்என்ஏ (ஒரு மரபணுவின் புரதம் உருவாவதைக் குறைக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு சர்வைவின் என்ற புரதத்தைக் குறைத்ததும், எங்கள் சர்வைவின் ஆன்டிபாடி காட்டிய சென்ட்ரோமியர் ஒளி போய்விட்டது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று தெரியவில்லை; கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
– முனைவர் பட்ட மாணவர், புனலூர்

வேறு எந்தப் புரதமாக இருந்தாலும் உங்கள் பக்கம் நின்றிருப்போம். சர்வைவின் தனியாள் இல்லை. ஐஎன்சென்பி, பொரியாலின், அரோரா பி மூன்றும் அதோடு ஒரே கூட்டு. ஒன்றை எடுத்தால் மற்றவையும் சென்ட்ரோமியரை விட்டு விலகிவிடும். உங்கள் ஆன்டிபாடி தவறுதலாக அரோரா பி-யைப் பிடித்துக்கொண்டிருந்தால்கூட இதே படம்தான் வந்திருக்கும்.

சென்ட்ரோமியர் புள்ளியை மட்டும் அளக்காமல் செல் முழுவதின் மொத்த ஒளியை அளவிடுங்கள். உண்மையிலேயே சர்வைவின் போயிருந்தால் மொத்தமும் வெஸ்டர்ன் அளவுக்கு விழ வேண்டும்; புள்ளி மட்டும் கலைந்து செல் முழுக்கப் பரவியிருந்தால் மொத்தம் அதிகம் மாறாது. அதே ஒளியை அரோரா பி குறைத்த செல்லிலும் பாருங்கள். இரண்டு வெவ்வேறு வரிசையுள்ள எஸ்ஐஆர்என்ஏ, 48 முதல் 72 மணி நேரம். எஸ்ஐஆர்என்ஏ தொடாதபடி மாற்றி எழுதிய சர்வைவினைத் திரும்பக் கொடுத்தால் ஒளியும் திரும்ப வேண்டும். ஒப்பிடும்போது புரோமெட்டாஃபேஸை புரோமெட்டாஃபேஸோடு மட்டும். சர்வைவின் குறைந்த செல்களில் எந்தக் கட்டத்தில் எத்தனை செல் என்ற விகிதமே மாறிவிடும். சராசரி எடுத்தால் அது ஆன்டிபாடி ஒளியாக வேடம் போடும்.

இந்த மரபணுவை முழுதாக நீக்கினால் செல் பிழைக்காது. ஆகவே முதல் பதிலில் சொன்ன கலப்பு கவர்ஸ்லிப்பை இங்கே ஆக்சின் (தாவர ஹார்மோன்) கொடுத்தால் சிதையும்படி மாற்றிய புரதத்தோடு செய்ய வேண்டும்.

பிரிந்து முடியும் இரண்டு செல்லுக்கு நடுவே டியூபுலின் பாலத்தின் மத்தியில் ஒரு கருப்பு இடைவெளி. அங்கே நுண்குழல் அறுந்துவிட்டதா?
– பாறசாலை

அறுந்துவிடவில்லை. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அங்கே நுண்குழல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது தெரியும். மிட்பாடியின் நடுவில் புரதம் அவ்வளவு அடர்த்தி, டியூபுலின் ஆன்டிபாடியால் உள்ளே நுழைய முடிவதில்லை. அந்த நடுவிலேயே உள்ள எம்கேஎல்பி1 என்ற புரதத்துக்கான ஆன்டிபாடி போட்டால் அதே இடைவெளி நிரம்பித் தெரியும். ஒளி இல்லாததும் பொய் சொல்லும்.

ஜனவரியில் மட்டும் கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் உள்ள செல்கள் எல்லாம் எந்த ஆன்டிபாடி போட்டாலும் ஒளிர்கின்றன. மழைக்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.
– கொல்லங்கோடு

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றில் சொட்டின் ஓரம் முதலில் காய்கிறது. காயும் இடத்தில் ஆன்டிபாடியும் உப்பும் செறிந்து, நிலைநிறுத்திய செல்லின் மேல் படிந்துவிடும். பிறகு எத்தனை கழுவினாலும் போகாது. மைட்டோசிஸ் செல் உருண்டு மேலே நிற்பதால் அதன் தலைதான் முதலில் காயும்.

12 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்புக்கு 40 மைக்ரோலிட்டர் சொட்டைப் பாராஃபிலிமில் (மெழுகுத் தாள்) வைத்து, கவர்ஸ்லிப்பை அதன்மேல் கவிழுங்கள். டப்பாவின் ஓரம் முழுக்க நனைந்த டிஷ்யூ, இறுக்கமான மூடி, மேலே மின்விசிறி நிறுத்தம். "அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம்" என்று எழுதியவர்களின் அறை 22 டிகிரி. ஏப்ரலில் உங்கள் அறை 35-ஐத் தாண்டும். பிரைமரியை இரவு முழுதும் 4 டிகிரியில் விடுவதே உங்கள் ஊருக்குச் சரி. எண்ணும்போது ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டரை விட்டுவிடுங்கள்.

மின்வெட்டில் ஃப்ரீசர் ஓர் இரவு முழுக்க நின்றுவிட்டது. அதன்பின் ஒரு கைனட்டோகோர் ஆன்டிபாடி போட்டால் செல் முழுக்கச் சிறு சிறு புள்ளிகள். வீணா?
– புத்தூர்

ஒரே ஒரு இரவில் ஐஜிஜி அழியாது; உறைந்து உருகி மறுபடி உறைந்ததில் ஒட்டிக்கொண்டு உருண்டை உருண்டையாகியிருக்கும். அந்த உருண்டைகள் கைனட்டோகோர் அளவிலேயே தெரிவதுதான் சங்கடம். செல் இல்லாத வெறும் கண்ணாடியில் கவனியுங்கள்; அங்கேயும் புள்ளி இருந்தால் அது உருண்டை. செல்லுக்குள் என்றால் குரோமோசோம் மேல், ஜோடி ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். மெட்டாஃபேஸ் வரை உண்மையான கைனட்டோகோர் ஜோடியாகத்தான் நிற்கும்.

குப்பியை 4 டிகிரியில் 14,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, அடியைத் தொடாமல் மேல் நீரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். சரியானால், மீதியை 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து வையுங்கள். சம அளவு கிளிசரால் கலந்து வைத்தால் மைனஸ் 20-இல் உறையவே உறையாது, அடுத்த மின்வெட்டுக்கும் கவலை குறைவு. ஆன்டிபாடியின் செறிவு பாதியாகிவிடும், அதனால் போடும்போது இரண்டு மடங்கு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். சுழற்றிய பிறகும் கண்ணாடியில் புள்ளி நின்றால் குப்பியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.